மிலிந்தனின் ரதமும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும்

தெற்குக் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள அன்பர் ஒருவர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மாலை நடைபெறும் சாஸ்திர வகுப்பிற்குத் தவறாமல் வருபவர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். மூன்று கோணிப்பைகளிலும் ஒரு மரப்பெட்டியிலுமாக அது வந்து சேர்ந்தது. கூடவே ஒரு கிழிந்த பதிவுப் புத்தகமும் இருந்தது.

பி.எஸ்.ஏ. பான்டம் என்பது அதன் பெயர். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1948 முதல் தயாரிக்கப்பட்ட சிறிய வண்டி: 123 சி.சி. எஞ்சின், மூன்று கியர். அந்நாட்டில் தந்தி கொண்டுசெல்லும் இளைஞர்கள் இதில்தான் வீடு வீடாகச் சென்றார்கள். நம் அன்பரின் தந்தையும் கல்லூரி நாட்களில் இத்தகைய வண்டி ஒன்றை வைத்திருந்தாராம். அந்த நினைவே கோணிப்பைகளை விலை கொடுத்து வாங்க வைத்தது.

இரண்டு ஆண்டுகள் அவர் உழைத்தார். பழைய வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற மல்லிக் பஜாருக்கு எத்தனை முறை நடந்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஸ்போக் கம்பிகள் புதியவை, சீட் புதியது, மட்கார்டு வேறு வண்டியுடையது. இதிலெல்லாம் அவருக்கு மனச்சங்கடம் எதுவும் ஏற்படவில்லை. சங்கடம் எஞ்சினில் வந்தது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் கேஸ் என்னும் அடிப்பெட்டிக்குள் நுழைகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அங்கே அழுத்தப்பட்டு, பிறகே சிலிண்டருக்கு மேலேறுகிறது. எனவே அந்தப் பெட்டியில் மயிரிழை அளவு கசிவு இருந்தாலும் வண்டி ஒழுங்காக ஓடாது. நம் அன்பரின் கிராங்க் கேஸில் இருந்ததோ விரல் நீள விரிசல். பற்றவைத்தாலும் நிலைக்காது என்றார் மெக்கானிக். நெடுநாள் தேடியபின் வேறொரு பான்டத்தின் கிராங்க் கேஸ் கிடைத்தது. ஆனால் எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருப்பது அதன்மீதுதான். புதிதாகக் கிடைத்ததில் வேறு எண் இருந்தது.

பட்டறையில் ஒருவர் தீர்வு சொன்னார். எண்ணை அரத்தால் ராவி அழித்துவிட்டுப் பதிவுப் புத்தகத்திலுள்ள பழைய எண்ணைப் பொறித்துவிடலாம். அரைமணி நேர வேலை.

அது சட்டப்படி குற்றம் என்பது வங்கி அதிகாரிக்குத் தெரியாததல்ல. அவர் என்னிடம் கேட்டது சட்டத்தைப் பற்றியல்ல. “சுவாமிஜி, சென்ற மாதம் மிலிந்த மன்னனின் ரதத்தைப் பற்றிச் சொன்னீர்கள். சக்கரம் ரதமல்ல, அச்சு ரதமல்ல, நுகம் ரதமல்ல, இவற்றுக்கு வெளியே தனியாக ரதம் என்று ஒன்றும் இல்லை என்றீர்கள். அப்படியானால் ‘அதே எஞ்சின்’ என்பதும் இல்லை. இல்லாத ஒன்றைப் பற்றி எப்படிப் பொய் சொல்ல முடியும்?”

பரமார்த்தத்தில் உள்ளதை வியவகாரத்தில் கொண்டுவந்து கலக்கக் கூடாது என்று அப்போது பதில் சொன்னேன். சாஸ்திரப்படி அது சரியான பதில்தான். ஆனால் அந்தப் பதில் வாயை அடைக்கும், மனத்தைத் திறக்காது. அவர் தலையசைத்துவிட்டுப் போனார். எனக்குத்தான் அன்றிரவு நிம்மதியில்லை.

இந்தக் கேள்வி உலகெங்கும் கேட்கப்பட்டதே. ஏதென்ஸ் நகரத்தார் தீஸியஸ் என்ற வீரனின் கப்பலைப் பாதுகாத்து வந்தார்கள். பலகை உளுத்தால் புதுப்பலகை பொருத்தினார்கள். அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் வாதிட்டதை புளூடார்க் குறிப்பிடுகிறார். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இதில் மேலும் ஒரு சிக்கலைச் சேர்த்தார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேகரித்து மீண்டும் ஒரு கப்பலாக்கினால், இரண்டில் எது தீஸியஸின் கப்பல்? நம் அன்பரின் மாடிப்படியின் கீழே கிடந்தது இந்த இரண்டாவது கப்பல். அவர் பாகங்களை மாற்ற மாற்ற அது முதலாவது கப்பலாகவும் ஆகிக்கொண்டிருந்தது!

நம் நாட்டு நியாய சாஸ்திரிகள் இதில் மிகக் கறாரானவர்கள். கொல்கத்தாவுக்கு வடக்கே, பாகீரதியின் கரையில் உள்ள நவத்வீபம் ரகுநாத சிரோமணியின் காலத்திலிருந்து நவ்ய நியாயத்தின் தலைநகராக விளங்கியது. அவயவங்களுக்கு அப்பால் ‘அவயவி’, அதாவது முழுப்பொருள், உண்மையாகவே உள்ளது என்பது நியாய மரபின் கொள்கை. ஆனால் ஓர் அவயவம் குறைந்தாலோ கூடினாலோ பழைய அவயவி அழிந்து புதிய அவயவி தோன்றும் என்பதும் அதே மரபின் முடிபு. இதன்படி பார்த்தால் அன்பர் ஒவ்வொரு ஸ்போக் கம்பியை மாட்டும்போதும் ஒரு புதிய மோட்டார் சைக்கிளை வாங்கியிருக்கிறார். செலவு குறைவுதான்.

பான்டம் என்ற வண்டியே எந்த அளவு ‘மூலம்’ என்ற கேள்வியும் இருக்கிறது. ஜெர்மனியின் சோப்பாவ் நகரில் டி.கே.டபிள்யூ. நிறுவனம் உருவாக்கிய ஆர்.டி.125 என்ற வண்டியின் வரைபடங்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பின் போர் இழப்பீடாக வென்றவர்களின் கைக்குப் போயின. அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றி பி.எஸ்.ஏ. தயாரித்ததே பான்டம். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும், சோவியத் நாட்டினரும், பின்னர் 1955இல் தனது முதல் வண்டியைச் செய்த ஜப்பானின் யமஹாவும் அதே வடிவத்தைப் பின்பற்றினார்கள்.

மொழிபெயர்ப்பாளனுக்கு இது சொந்தக் கேள்வியும்கூட. ஒரு வங்காள நூலைத் தமிழாக்கும்போது நான் அதன் ஒரு சொல்லைக்கூட விட்டுவைப்பதில்லை. எல்லாப் பலகைகளையும் மாற்றிவிடுகிறேன். ஆயினும் அட்டையில் மூல ஆசிரியரின் பெயரே இருக்கிறது. இதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை. ஏன்? ‘தமிழாக்கம்’ என்ற ஒரு சொல்லும் அங்கே அச்சிடப்பட்டிருப்பதால். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால், நூலில் ஓரெழுத்துகூட மாறாது. ஆனால் நான் பொய்யனாகிவிடுவேன்.

இந்த எண்ணம் வந்தபிறகு மிலிந்த பஞ்ஹாவை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். வகுப்பில் நான் அவசரமாகக் கடந்துபோன ஓர் இடம் அங்கே இருந்தது. ரதம் எங்கும் அகப்படாதபோது நாகசேனர் மன்னனைப் பார்த்து, ரதத்தில் வந்ததாக நீ சொன்னது பொய் என்று குற்றம் சாட்டுகிறார். மன்னன் மறுக்கிறான். தான் பொய் சொல்லவில்லை என்றும், சக்கரம், அச்சு முதலியவற்றைச் சார்ந்தே ரதம் என்ற பெயர் வழங்குகிறது என்றும் விளக்குகிறான். நன்றாகச் சொன்னாய் என்று நாகசேனர் ஏற்றுக்கொள்கிறார்.

ஆக, ‘அதே எஞ்சின் என்று ஒன்றில்லை, எனவே பொய்யும் இல்லை’ என்ற வாதத்திற்கு அந்த உரையாடலில் இடமில்லை. ரதம் வெறும் பெயராக இருந்தும் மன்னன் சொன்னது உண்மை. அதை உண்மையாக்கியது எது? அவன் எதைச் சார்ந்து அந்தப் பெயரைச் சொன்னானோ அந்தப் பாகங்கள் அவன் சொன்னபடியே இருந்தன. பெயருக்குப் பின்னால் அழியாத முழுப்பொருள் ஒன்று நின்று காவல் காக்குமானால், நாம் சற்றுக் கவனக்குறைவாகக்கூட இருக்கலாம். அப்படி ஒன்று இல்லை என்பவனுக்கோ, சொல்பவனின் நேர்மையைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு ஆதாரம் கிடையாது. அரத்தால் ராவும்போது தேய்வது இரும்போ அலுமினியமோ அல்ல.

அடுத்த சனிக்கிழமை இதை அன்பரிடம் சொன்னேன். “அப்படியானால் ஸ்போக் கம்பியையும் நான் சொல்லியாக வேண்டுமே, சுவாமிஜி” என்றார். நான் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை.

2021ஆம் ஆண்டு மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவிலேயே, பெருமளவு மாற்றங்களுக்கு உள்ளாகாமல் இருக்கும் வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் பதிவு எண் கிடைக்கும். எது பெரிய மாற்றம், எது சிறிய மாற்றம் என்று நவத்வீபத்துப் பண்டிதர்கள் விவாதித்ததை இனிப் போக்குவரத்து அலுவலர்கள் விவாதிக்க வேண்டும். வேறு எண்ணுள்ள எஞ்சினைச் சொன்னால் பதிவு கிடைக்காமலும் போகலாம் என்று நண்பர்கள் அவரை எச்சரித்தார்கள். சொல்லித்தான் விண்ணப்பிக்கப் போவதாக அவர் பதிலளித்தார்.

கிராங்க் கேஸை அதன் சொந்த எண்ணுடனேயே பொருத்தினார். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில், வங்கிப் பேரேடு எழுதிய அதே கையெழுத்தில், பாகம் பாகமாகக் குறித்து வைத்தார். எது கோணிப்பையில் வந்தது, எது மல்லிக் பஜாரில் வாங்கியது, எது புதிதாகக் கடைந்தது, எதைப் பற்றித் தெரியவில்லை என்று நான்கு பத்திகள்.

வங்காளப் புத்தாண்டான போய்லா போய்ஷாக் அன்று காலை, பலமுறை உதைத்தபின் வண்டி கிளம்பியது. சந்து முழுவதும் புகை. பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவர் ஓடிவந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஆஷோல்?” என்று கேட்டார். அசல்தானா என்று பொருள். இரு மொழிகளிலும் அது ஒரே சொல். வங்கிக்காரருக்கு அந்தச் சொல்லின் இன்னொரு பொருளும் நன்கு தெரியும்.

அன்பர் எஞ்சினை நிறுத்தினார். பதில் எதுவும் சொல்லாமல் வீட்டிற்குள் சென்று அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தார். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.