அசைவின்மை

நிறுத்துவது செய்வதைவிட எளிது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. செய்வதற்கு அறிவு வேண்டும், நிறுத்த ஒரு விசை போதும் என்பது அதன் தர்க்கம். இது பொய் என்பது, ஒரு வயதானவரின் மூன்று மணி நேர உழைப்பை அழித்த பிறகே எனக்குப் பிடிபட்டது.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜன்ஸி அலுவலகத்துக்கு 2023இன் தொடக்கத்தில் சில கம்ப்யூட்டர் வேலைகள் செய்து கொடுத்தேன். இரவெல்லாம் கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டே கிடக்கின்றன என்று முதலாளிக்குக் குறை. ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினேன். மாலை ஏழுக்குமேல் இருபது நிமிஷம் விசைப்பலகையிலும் மௌஸிலும் அசைவில்லை என்றால், ஆள் இல்லை என்று அது எடுத்துக்கொள்ளும். திரையில் ஓர் அறிவிப்பு வரும், அறுபது விநாடி அவகாசம், பிறகு அணைந்துவிடும். அந்த அறுபது விநாடியை மரியாதை என்று நினைத்தே சேர்த்தேன். திறந்திருப்பதைப் பலவந்தமாக மூடச் சொல்லும் 'எஃப்' குறியை வேண்டுமென்றே விட்டேன்.

ஓரிரவு அங்கே நெடுநாளாக வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் சரக்குப் பட்டியலைத் தட்டிக்கொண்டிருந்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காகிதங்களைக் கண்ணருகே பிடித்து எண்களை ஒத்துப்பார்க்க ஆரம்பித்தார். நிமிர்ந்தபோது திரை கறுத்திருந்தது. "நான் உக்காந்துதானே இருந்தேன் தம்பி" என்றார் மறுநாள். வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகுதான் விளக்கக் குறிப்பை ஒழுங்காகப் படித்தேன். விண்டோஸில் அணைக்கும் கட்டளைக்குப் பூஜ்யத்துக்கு மேற்பட்ட அவகாசம் எதைக் கொடுத்தாலும் பலவந்தமும் தானே சேர்ந்துவிடும். தனியாகக் கேட்க வேண்டியதில்லை. நோட்டீஸ் ஒட்டியவனுக்கு இடிக்கும் உரிமையும் வந்துவிடுகிற மாதிரி. யூனிக்ஸ் மரபு இதைப் பிரித்து வைத்திருக்கிறது. 'டெர்ம்' என்ற சமிக்ஞை ஒரு வேண்டுகோள். செயலி கைவேலையை ஒழுங்குசெய்துவிட்டுப் போகலாம், போகாமலும் இருக்கலாம். 'கில்' என்பதை மறுக்க வழியில்லை. அணைக்கும் அதிகாரமும் அங்கே எல்லோருக்கும் பொதுவல்ல. ஒரு ஸ்கிரிப்டுக்கு அந்த ஒரு கட்டளையை மட்டும் அனுமதித்து, மற்றதைப் பூட்டிவைக்கலாம். இவையெல்லாம் வேண்டிய காவல்கள்தான். ஆனால் என் பிழை இவற்றுக்கு முன்பே நடந்துவிட்டது. அசைவின்மையை இன்மை என்று வாசித்தேன்.

அண்ணாச்சியின் அப்பா முத்துக்குளித்தவர். 1955 முதல் 1961 வரை வருஷந்தோறும் நடந்த சலாபங்களோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு முடிந்துபோயிற்று. குளியாள் கல்லின் கனத்தில் இறங்குவான். மூச்சு ஒரு நிமிஷம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். கயிற்றின் மறுமுனை மேலே தோணியில் இருப்பவன் கையில். அதை மச்சான் பிடிப்பதே வழக்கம் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தன் தங்கையின் தாலியைத்தான் அவன் பிடித்திருக்கிறான். கயிறு அசைந்தால் இழுப்பான். அசையாமலே நேரம் கடந்தாலும் இழுப்பான். "கயிறு சும்மா கெடந்தா அவன் சும்மா இருக்கான்னு அர்த்தமில்ல" என்றார் அண்ணாச்சி.

மச்சானும் மௌனத்துக்கு அர்த்தம் கொடுக்கிறான், என் ஸ்கிரிப்டும் கொடுத்தது. இருவருமே தவறக்கூடும். அவன் முந்தி இழுத்தால் நஷ்டம் சில சிப்பிகள், மறுபடி இறங்கலாம். பிந்தினால் மறுபடி என்பதே இல்லை. திருத்தக்கூடிய தவறின் பக்கம் சாய்ந்து நிற்கிறான். நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன்: ஒரு ராத்திரி மின்சாரத்தை மிச்சப்படுத்த, திரும்பப்பெற முடியாததைப் பணயம் வைத்தேன். அது என்னுடையதாகக்கூட இல்லை. துறைமுகத்துக் கிரேன்களைக் கட்டியவர்களுக்கு இந்த விவேகம் இருந்தது. அங்கே மின்சாரம் பிரேக்கைத் திறந்து வைத்திருக்கிறது. மின்சாரம் நின்றால் சுருள்வில் தானே பிரேக்கை அழுத்திக்கொள்கிறது. மௌனம் அங்கே 'விடாதே' என்று பொருள்படுகிறது.

அப்படியானால் கேட்காமல் எதையும் அணைக்கக்கூடாது என்று விதி செய்துவிடலாமா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் — காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் — ஊர் மூழ்கியது. அந்த அலுவலகத்தின் மாடியிலிருந்த சர்வர், மின்சாரம் போனதும் யு.பி.எஸ். பேட்டரியில் ஓடியது. பேட்டரி தீரப்போகும் தறுவாயில், இன்னொரு ஸ்கிரிப்ட் யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் வட்டில் எழுதி முடித்து அணைத்தது. கேட்க ஆளில்லை, காத்திருந்தால் பாதி எழுத்தில் செத்திருக்கும். அது கேட்காததே நியாயம். ஆக, அறம் கேட்பதிலோ கேட்காமலிருப்பதிலோ குடியிருக்கவில்லை. எந்தத் தவறு மீளக்கூடியது, அதைச் சுமக்கப்போவது யார் என்று ஒவ்வொரு கயிற்றின் முனையிலும் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கைப் போடாமல் எழுதியவன் 'ஸ்கிரிப்ட் செய்துவிட்டது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அண்ணாச்சியின் கம்ப்யூட்டரை இப்போது அணைப்பதில்லை, உறங்கவைக்கிறேன். நினைவில் உள்ளதை வட்டில் அப்படியே எழுதிவிட்டுத் தூங்கும். காலையில் விட்ட வரியிலேயே விழிக்கும். அவரிடம் விளக்கிச் சொல்லியாயிற்று. தலையாட்டினார்.

ஆனாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காகிதம் பார்க்கும்போது, இடது கையால் அவ்வப்போது மௌஸை ஓர் ஆட்டு ஆட்டிக்கொள்கிறார்.