மக்கத்துப் பெண்மணியும் ஒரு துண்டுக் காகிதமும்



காகிதத்துக்கு நம் கடைகளில் என்ன மதிப்புக் கொடுக்கிறோம்? பொட்டலம் மடிப்போம், கணக்கெழுதுவோம், கசக்கி எறிவோம். அந்தக் காகிதத்தைக் கொண்டே ஏழையின் நோயறிய முனைந்த ஒரு ஸ்தாபனத்தை நிறுவியவர்களில் ஒருவர், புனித மக்காவில் பிறந்த டாக்டர் ஹயாத் ஸிந்தி என்னும் பெண்மணி.

1991-ம் ஆண்டு, பெற்றோரை இணங்கச் செய்து அவர் லண்டன் போய்ச் சேர்ந்தார். அவ்வூர் பாஷை அவருக்குச் சரிவரத் தெரியாது. கப்பலேறி வந்த நம் தகப்பனார்களும் மலாய் அறியாமலே வந்து, கடையில் நின்று கற்றவர்கள்தாமே! அந்தப் பாடு எத்தகையது என்று நாம் அறிவோம். அவர் முதலில் ஆங்கிலத்தைக் கற்றார். 1995-ல் லண்டன் கிங்ஸ் காலேஜில் மருந்தியல் பட்டமும், 2001-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் பெற்றார். தலைமுக்காட்டை அவர் விடவில்லை, படிப்பையும் விடவில்லை.

பின்னர் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டு சர்வகலாசாலையில் பேராசிரியர் ஜார்ஜ் ஒயிட்ஸைட்ஸ் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்ட முறையைக் கொண்டு, 2007-ல் 'டயக்னாஸ்டிக்ஸ் ஃபார் ஆல்' என்னும் ஸ்தாபனம் தோன்றியது.

அதன் சரக்கு, தபால் தலை அளவுள்ள காகிதம். நீர் ஊறாத வரம்புகளை அதில் இட்டு, நடுவே மருந்து தடவியிருப்பார்கள். ஒரு சொட்டு இரத்தம் விட்டால் அது வரம்புகளுக்கு இடையே ஊறிச் சென்று நிறம் மாறும். அந்த நிறத்தைக் கொண்டு ஈரலின் நிலையை அறியலாம். காசநோய்க்கும் எய்ட்ஸுக்கும் கொடுக்கும் மருந்துகள் சிலருடைய ஈரலைக் கெடுத்துவிடும். பணக்கார நாட்டில் அடிக்கடி சோதித்துப் பார்ப்பார்கள். மின்சாரமும் யந்திரமும் இல்லாத கிராமத்து ஏழைக்கு அந்தச் சோதனை ஏது? நோய் தீர்க்க வந்த மருந்தே உயிருக்கு உலை வைக்கலாகாது என்பதே இவர்கள் கொண்ட கவலை.

2008-ல் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய இரண்டு இடங்களிலும் நடந்த வியாபாரத் திட்டப் போட்டிகளில் இந்த ஸ்தாபனம் பரிசு வென்றது. ஆனால் இது இலாபம் பங்கிட ஏற்பட்ட கம்பெனியன்று. சரக்கின் அடக்கவிலையைக் குறைத்து ஏழையின் கைக்கு எட்டச் செய்யும் வியாபாரம்! இத்தகைய கணக்கை நாம் என்றைக்காவது போட்டுப் பார்த்ததுண்டா?

பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்போருக்கு நம் மார்க்க சரித்திரமே பதில் சொல்லும். கதீஜா நாயகி (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குச் சரக்கு அனுப்பிய வர்த்தகர். ருபைதா (ரலி) அவர்கள் மதீனாவில் கூடாரம் அடித்துக் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தவர். நமது நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதன்முதலாக வந்த கட்டளையும் ஓதும்படியே வந்தது. அது ஆண்களுக்கு மட்டுமா வந்தது?

சகோதரர்களே! மகன் வெளிநாடு போய்ப் படிக்கக் கடன் வாங்கத் துணிகிறோம். மகள் கேட்டால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறோம். அந்த நாளை வருவதற்குள் கல்யாணப் பேச்சு வந்துவிடுகிறது. நகைக்கடையில் தயங்காத கை, காலேஜ் சம்பளத்துக்குத் தயங்குகிறது. இந்தக் குற்றத்தில் நம் எல்லோருக்கும் பங்குண்டு. நாளை மஹ்ஷரில், கொடுத்த அறிவை ஏன் பூட்டி வைத்தாய் என்று கேட்கப்பட்டால், எந்தப் பேரேட்டைக் காட்டுவோம்?

மரணத்துக்குப் பின்னும் நன்மை சேர்ப்பவற்றுள் பயன் தரும் இல்மும் ஒன்று. அந்த முதலை நம் பெண்மக்களுக்கும் கொடுப்போமாக. வல்ல ரஹ்மான் நமக்கு அந்தத் தௌபீக்கை அருள்வானாக! ஆமீன்.