நோயாளியின் நம்பிக்கை

1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரில் பிளேக் நோய் தோன்றியது. அது ஹூப்ளியிலிருந்து ரயில் வழியே வந்தது என்பர். மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினர். அக்கொடுமைக்கு இருவகை நினைவுச் சின்னங்கள் இந்நகரில் உள. காற்றும் வெளிச்சமும் புகுமாறு அமைக்கப்பெற்ற மல்லேசுவரம், பசவனகுடி என்னும் குடியிருப்புகள் ஒரு வகை. பிளேக் மாரியம்மன் கோயில்கள் மற்றொரு வகை. பிளேக் போயிற்று, அம்மன் போகவில்லை. குழந்தைகளுக்கு அம்மையோ காய்ச்சலோ கண்டால், தாய்மார் வேப்பிலையும் தயிர்ச்சோறும் ஏந்தி இன்றும் அங்கே செல்கின்றனர்.

இதனைக் கண்டு நகைப்பவர் நம்மில் உண்டு. நகைக்க நமக்கு உரிமை உண்டா? பௌத்தர் இல்லங்களிலும் நோயாளியின் மணிக்கட்டில் பரித்த நூல் கட்டப்படுகிறது. வைசாலியைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டியபோது இரத்தின சூத்திரம் ஓதப்பட்டதாக நம் உரையாசிரியர்களே கூறுகின்றனர்.

சாவுக்குத் தப்ப வழியில்லையெனில் பரித்தம் எதற்கு என்று மிலிந்த மன்னன் நாகசேனரை வினவினான். ஆயுள் எஞ்சியிருப்போர்க்கே அது உதவும் என்ற தேரர், அது பயன்படாமைக்கு மூன்று காரணங்கள் காட்டினார்: முன்வினைத் தடை, மனமாசின் தடை, நம்பிக்கையின்மை. மிலிந்த பஞ்ஹாவைப் போற்றுபவன் நான். ஆயினும் இந்த மூன்றாவது காரணம் என் நெஞ்சை உறுத்துகிறது. குணமானால் புகழ் ஓதியவர்க்கு. குணமாகாவிடில் பழி நோயாளிக்கு! நோய் தீர்க்கும் தலங்கள் எங்கும் வழங்கும் கணக்கு இதுவே. வேளாங்கண்ணிவரை சென்று வந்தும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "நீ முழுமனத்தோடு வேண்டவில்லை" என்று ஒருவன் சொல்வானாகில், அவளுக்கு மிஞ்சியிருந்த ஆறுதலையும் அவன் பறிக்கிறான். அந்த நெடும்பயணம் அவளுக்கு ஆறுதல் அளித்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை.

1897இல் ஹாஃப்கின் பம்பாயில் உருவாக்கிய பிளேக் தடுப்பூசி முழுக்காப்பு அளிக்கவில்லை. ஆனால் அது தவறியவிடத்துக் குறையை ஊசியில் தேடலாம். போட்டுக்கொண்டவனின் உள்ளத்தில் தேட வேண்டியதில்லை.

விநயத்தில் ஒரு நிகழ்ச்சி. வயிற்றுநோய் கண்ட பிக்கு ஒருவர் தம் கழிவிலேயே கிடந்தார். பகவர் அவரிடம் என்ன நோய் என்று கேட்டார். பணிவிடைக்கு ஆள் உண்டா என்று கேட்டார். ஏனைய பிக்குகள் ஏன் கவனிக்கவில்லை என்றும் கேட்டார். நம்பிக்கையைப் பற்றிய வினா அங்கே இல்லை. பின்னர் ஆனந்தரைத் தண்ணீர் கொணரச் செய்து, தாம் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். தலைப்பக்கம் பகவரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கி, அவரைக் கட்டிலில் கிடத்தினர்.