தீ அணைந்த பின்னர்

கருவடிக்குப்பம் என்றதும் பாரதியார் அன்பர்களுக்குக் குயில் தோப்பு நினைவில் எழும். புதுவை மக்களுள் பலருக்கு எழுவது மயான நினைவே. உற்றாரை எரியூட்டித் திரும்பும் நாம், தீக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு அங்கே முடிவதாக எண்ணிப் பழகிவிட்டோம். தீயில் அகப்பட்டு உயிர் மீண்டவரைப் பற்றி நாம் சிந்திப்பது குறைவு.

மருத்துவமனையிலிருந்து அவர் வீடு திரும்பியதும் துன்பம் தீர்ந்ததென உறவினர் கருதுகின்றனர். ஆனால் தழும்பு முதிர்ந்து அடங்க ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். அதுவரை அது தடித்துச் சிவந்து, இரவெல்லாம் அரிக்கும். கழுத்தையும் முழங்கையையும் இழுத்து மடக்கும். அதனைத் தடுக்க இறுக்கமான அழுத்த உடையை நாளில் ஏறத்தாழ 23 மணி நேரம் அணியச் சொல்வர். புதுவைக் கோடையில் அது எத்தகைய தவம் என்பதை அணிந்தவரே அறிவர். மூட்டுகளை நீட்டி மடக்கும் பயிற்சியும் நோவு மிக்கது. அதனைச் செய்விப்பவர் பெரும்பாலும் தாய் அல்லது மனைவி. அலறலைக் கேட்டுக்கொண்டே அலறச் செய்யும் செயலைத் தொடர வேண்டியவர் அவர். அவர் உறங்கினாரா, உண்டாரா என்று கேட்பாரில்லை.

இவ்விடத்தில் நாணத்துடன் ஒன்று கூற வேண்டும். இத்தகைய இல்லங்களுக்குச் செல்லும் நாம் இரண்டு சொற்களைத் தவறாது சொல்லி வருகிறோம். ஒன்று, "எப்படி நேர்ந்தது?" மற்றொன்று, "எல்லாம் வினைப்பயன்." முன்னது விசாரணை. அடுப்பு வெடித்ததா, தானே வைத்துக்கொண்டதா, பிறர் வைத்ததா என அறிந்த பின்னரே இரக்கத்தை அளந்து கொடுப்போம் போலும்! பின்னது அதனினும் கொடிது. வினைக் கொள்கை தன்னைத்தான் ஆராய்வதற்கு அமைந்தது. பிறர் புண்ணைச் சுட்டுவதற்கு அன்று. அவர் வினையை அவர் நுகரட்டும் என்று நாம் வாளாவிருப்பின், அவ்விருப்பே நமது வினையாகும் அன்றோ? நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உவர்ப்பின்மையும் ஒன்று. அதற்குச் சான்றாகக் கூறப்படும் உத்தாயன மன்னன், தொழுநோயுற்ற முனிவர் உண்டதைத் தன்மீது கக்கியபோது, தான் அளித்த உணவே ஒவ்வாததாயிற்றோ என வருந்தி அவரைத் தன் கையால் கழுவினான். குற்றத்தை அவன் தேடியது தன்னிடத்தில்.

சென்னையில் 2001இல் தொடங்கப்பெற்ற பி.சி.வி.சி. என்னும் தொண்டு நிறுவனம், கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயமுற்ற பெண்களுக்குத் துணை நின்றது. வீடு திரும்பிய பின்னரும் அத்துணை தொடர்ந்தது. அவர்களுள் சிலர் பயிற்சி பெற்று, அந்நகரின் ரைட்டர்ஸ் கஃபே என்னும் உணவகத்தில் பணியமர்ந்தனர். நாள்தோறும் புதிய மனிதர் வந்து போகும் இடத்தில், மறைக்காத முகத்துடன் நின்று ஊதியம் ஈட்டினர்.

நம்மால் இயல்வது சிறிது. இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகில் அமர்ந்தால், பேணுபவர் உறங்கலாம். புண் ஆறப் புரதம் மிகுதியாக வேண்டும். முட்டை உண்ணச் சொல்லும்போது நம் இல்லத்தார் தயங்கி வாய்மூடி விடுவதுண்டு. உண்பதில்லை என்று வெளிப்படையாகக் கூறினால் பருப்பு, பால், தயிர் கொண்டே அளவு வகுத்துத் தருவர். பேணுபவர் மனம் தளர்ந்தால், 2022இல் அரசு தொடங்கிய டெலிமானஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

தழும்பேறிய முகத்தை நேரே நோக்கிப் பேசுதல் முதல் நாளில் எளிதன்று. மூன்றாம் முறை செல்லும்போது, நாம் பேசிக்கொண்டிருப்பது பழைய அவரிடமே என்பது தெரியும்.