பிராரத்தமும் முற்காப்பும்

சைவ நன்மக்கள் சிலரிடத்து ஓர் ஐயம் நிலவுகின்றது. இடர் வருவது பிராரத்த வினையால். அதனை ஊட்டுவோன் இறைவன். ஆகலின் புயலுக்கும் வெள்ளத்திற்கும் முன்னரே ஏற்பாடு செய்தல் அவனாணையில் நம்பிக்கையின்மையைக் காட்டுமன்றோ என்பது அது. காவிரி நாட்டில் வாழ்வார்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று.

தஞ்சை நிலநடுக்கம் மிகுந்த நாடன்று. அங்ஙனமிருந்தும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலையிற் சுமத்திரைத் தீவின் அருகே கடலடியில் நிகழ்ந்த பூகம்பம், சில மணி நேரத்துட் பேரலையாய் நாகைக் கரையை அடைந்து, அம்மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அவ்விடைப்பொழுது கரையைவிட்டு அகலப் போதியதே, அறிவிப்பார்தாம் இலர். அக்குறை நீங்க 2007ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் அமைந்தது.

பூதங்களின் வாயிலாக வரும் துன்பத்தை ஆதிபௌதிகம் என நூலோர் வகுத்தனர். அது வினைவழி வருவதென்பதில் தடையில்லை. எவ்வினை, எவர்க்கு, எவ்வளவிற்று என்பதை அறிவோன் முற்றறிவுடைய முதல்வன் ஒருவனே. அலையில் மாண்ட குழவியைச் சுட்டி, 'அதன் வினை அது' எனச் சிற்றறிவுடைய உயிர் தீர்ப்புக் கூறுதல் அவன் தொழிலைத் தான் கவர்தலாகும்.

1977 நவம்பர் 12ஆம் நாள் நாகைப் பகுதியை மோதிய புயலில் 500க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் வேதாரணியத்தருகே கரைகடந்த கஜா புயலில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. உயிரிழந்தோர் நூற்றுக்கும் குறைவு. இரு புயலும் ஒரே வலியின அல்ல எனினும், ஏறக்குறைய 80,000 மக்கள் முன்னரே முகாம்களுக்குச் சென்றிருந்தமை ஈண்டுக் கருதத்தக்கது. அவர் பிழைத்ததும் வினைப்பயனே எனின், நன்று. அப்பயனுக்கு வாயிலாய் நின்றவை பள்ளிக் கட்டடமும், ஏற்றிச் சென்ற வண்டியும், வீடுதோறும் சென்று அழைத்தவர் குரலும் அல்லவோ? வாயிலாதற்கு உரியவன் வாளாவிருப்பின், அவ்விருப்பே அவனுக்கு ஆகாமியமாய் ஏறும்.

வையை பெருகியபொழுது பாண்டியன் கரையை ஆளுக்கொரு பங்காக அளந்துவிட்டான். தன் பங்கை வினைவழி விடாது கூலியாள் தேடினாள் வந்தி. நினைந்த மாத்திரையில் வெள்ளத்தை வற்றுவிக்க வல்ல பெருமான் பிட்டுக்குக் கூடை சுமந்தான். (அவன் வேலை செய்த அழகு வேறு, அதற்குப் பட்ட அடி எல்லார் மேலும் பட்டது.) திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தகாலை அவன் அருளியது சமைத்த சோறன்று, காசு. அதனைக் கடைக்குக் கொண்டுசென்று பண்டம் வாங்கி அடுதல் அடியார்க்கு விடப்பட்டது. சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி கேட்டமையால் அவர் மடத்தில் அமுது தாழ்த்ததும், அவர் அதனை இறைவனிடமே முறையிட்டதும் அன்பர் அறிவர்.

ஆதலின் ஐப்பசி பிறக்குமுன் கூரைக்கட்டை இறுக்குதல், வீட்டை ஒட்டிய கிளையைக் கழித்தல், நிலப் பத்திரங்களை நனையாவண்ணம் பொதிதல், விதைநெல்லை உயர்ந்த இடத்தில் வைத்தல், குடிநீர் சேர்த்தல், பூசைப்பெட்டியை எடுத்துச் செல்வார் இன்னாரெனக் குறித்தல் ஆகிய யாவும் இல்லறக் கடனே. மாட்டைத் தறியிற் கட்டியவாறே விட்டு ஓடுதல் பெரும் பிழை. பசு தன் கயிற்றைத் தானே அவிழ்த்துக்கொள்ளாது. பசு பாசம் என நாடோறும் ஓதுவார்க்கு இதனை விரித்தல் வேண்டா.

இன்னொன்று. பிராரத்தம் பேசுவோர் பெரும்பாலும் மெத்தை வீட்டுத் திண்ணையிலிருந்தே பேசுகின்றனர். வயலில் நாற்று நட்டவர் குடிசையோ முதற் காற்றிலே பறக்கின்றது. நம் வீட்டை இறுக்கிவிட்டு அவர்க்குக் கதவடைத்தலை முற்காப்பு என்னோம். ஊரில் மடமோ மண்டபமோ உளதேல், அதன் திறவுகோல் யாரிடத்து உளதென்பதை மேகம் கருக்குமுன் கேட்டறிந்துகொள்க.