‘டியர்’ என்ற சொல்லும் அதன் விலையும்

‘டியர்’ என்ற ஆங்கிலச் சொல் இன்று நம் இல்லங்களில் தாராளமாகப் புழங்குகிறது. அலுவலகக் கடிதம் ‘டியர் சார்’ என்று துவங்குகிறது. முகமறியாத வங்கி நம் கைபேசிக்கு ‘டியர் கஸ்டமர்’ என்று செய்தி அனுப்புகிறது. துபாயிலிருக்கும் கணவர் மனைவிக்கு எழுதுவதும் அதே ‘டியர்’தான். உள்ளத்தில் பிரியம் இல்லாதவரையும் பிரியத்திற்குரியவரே என்று அழைப்பது பொய்யாகாதா? மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா? இக்கேள்வி சிந்திக்கத் தக்கதே.

முதலில் சொல்லின் பொருளைப் பார்ப்போம். ‘டியர்’ என்பதற்குப் பிரியமானது என்று ஒரு பொருள்; விலை கூடியது என்று மற்றொரு பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்திலேயே இவ்விரு பொருளும் அதற்கு உண்டு. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள், அரபிகள் வேண்டியவரை ‘யா ஃகாலீ’ என்று அழைப்பதைக் கேட்டிருப்பார்கள். கடையில் விலை உயர்ந்த பொருளையும் ‘ஃகாலீ’ என்றே சொல்வார்கள். நம் தமிழிலோ ‘அருமை மகனே’ என்கிறோம். எளிதில் கிடைக்காததுதானே அருமை!

இவை எல்லாவற்றினும் ஆழமானது ‘அஸீஸ்’ என்னும் சொல். வல்லமை மிக்கவன் என்ற பொருளில் அது அல்லாஹ்வின் திருநாமம். உர்தூ பேசுவோர் அன்பிற்குரியவரையும் உறவினரையும் ‘அஸீஸ்’ என்பர். திருமறையின் தவ்பா அத்தியாயம் 128-வது வசனத்தில் இதே சொல் வருகிறது. நாம் படும் துன்பம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குத் தாங்க முடியாத பாரமாக இருக்கிறது என்பதைக் குறிக்கவே அங்கு அது ஆளப்பட்டுள்ளது. பிறர் துன்பம் தன் நெஞ்சில் கனப்பதே அன்பு என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

இனி கேள்விக்கு வருவோம். வழக்காறும் தீர்ப்புக்கு ஆதாரமாகும் என்பது ஃபிக்ஹு கலையின் விதிகளுள் ஒன்று. ‘டியர் சார்’ என்பதை எழுதுபவரும் படிப்பவரும் மரியாதைச் சொல்லாகவே விளங்கிக் கொள்கின்றனர். அங்கே ஏமாற்றுபவரும் இல்லை, ஏமாறுபவரும் இல்லை. எனவே அது பொய்யாகாது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஹிரக்லுக்கு எழுதிய கடிதத்தில் நாயகம் (ஸல்) அவர்கள், ரோமர்களில் மகத்தானவர் என்றே அவரைக் குறிப்பிட்டார்கள். உரிய மரியாதையைக் கொடுத்தார்கள்; இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. நமக்கு இதுவே அளவுகோல்.

ஆனால் அந்நியப் பெண்ணை ஓர் ஆணும், அந்நிய ஆணை ஒரு பெண்ணும் இச்சொல்லால் அழைத்துத் தனியே உரையாடுவது வேறு விஷயம். அங்கே அது மரியாதைச் சொல்லாக நிற்பதில்லை. அதைத் தவிர்த்துக் கொள்வதே பேணுதல்.

வீட்டுக்குள் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே சொல் அதன் முழுப் பொருளோடு கேட்கப்படுகிறது. அன்பிருந்தும் வாய் திறந்து சொல்லாதவர்கள் நம்மில் அநேகர். ஒருவர் தம் சகோதரரை நேசித்தால் அதை அவரிடமே தெரிவிக்கட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். முஆத் (ரலி) அவர்களின் கையைப் பற்றி, அல்லாஹ்வின் மீது ஆணையிட்டு, தாம் அவரை நேசிப்பதாகச் சொன்னார்கள். சொன்னதோடு நிற்கவில்லை, ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் ஓத வேண்டிய ஒரு துஆவையும் கற்றுக் கொடுத்தார்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள் சிலைகளை வணங்கிய தந்தையை, மர்யம் அத்தியாயத்தில் 42 முதல் 45 வரையுள்ள வசனங்களில், ‘என் அருமைத் தந்தையே’ என்று நான்கு முறை அழைக்கிறார்கள். கொள்கையில் மாறுபாடு இருந்தும் அழைப்பில் கனிவு குறையவில்லை. நாமோ ஒரே கலிமாவைச் சொல்லும் அண்ணன் தம்பிக்குள் ஒரு முழம் நிலத்துக்காக ஸலாமையும் நிறுத்தி விடுகிறோம்!

சொன்ன அன்புக்கு விலையும் கொடுக்க வேண்டும். நேசிப்பதிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடைய முடியாது என்ற கருத்துள்ள வசனம் (3:92) இறங்கியதும் அபூதல்ஹா (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? மதீனாவில் பள்ளிவாசலுக்கு எதிரே, இனிய நீருள்ள ‘பைருஹா’ தோட்டமே அவர்களுக்கு மிகப் பிரியமான சொத்து. அதையே தர்மமாக்கினார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் யோசனைப்படி தம் உறவினருக்கே அதைப் பங்கிட்டார்கள். பிரியமான பொருள் பிரியமான உறவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் திருப்புட்குழிக்கு அடுத்துள்ள காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவரைக் கேளுங்கள். போலி ஜரிகையும் பார்வைக்கு மின்னும். அசல் ஜரிகைக்கு விலை கூடுவது அதிலுள்ள வெள்ளியாலும் பொன்னாலும்தான். சொல்லும் அப்படியே. செய்தியில் ‘டியர்’ என்று எழுதிவிட்டு, மனைவி காய்ச்சலில் கிடக்கும்போது ஒரு குவளை வெந்நீர் வைத்துக் கொடுக்காதவரின் சொல் போலி ஜரிகை. ஒருநாளும் அப்படி அழைத்திராவிட்டாலும், முதிய தாயின் வசைமொழிகளைப் பொறுத்துக் கொண்டு பணிவிடை செய்யும் மகனின் மௌனம் அசல். சொல்லும் செயலும் ஒன்று சேர்ந்தால் அதுவே பூரணம்.

ஆகவே அன்பர்களே! அச்சொல்லை ஆங்கிலத்தில் சொன்னாலென்ன, தமிழில் சொன்னாலென்ன? சொல்லுமுன், இவருக்காக நான் இன்று எதை விட்டுக் கொடுத்தேன் என்று நம்மை நாமே கேட்டுக் கொள்வோம். நாவின் இனிமையையும் அதற்கு ஈடான செயலையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.