எதையும் எடுக்காத செடி

காரைக்குடி வீட்டின் முற்றத்தை ஒட்டி, ஒரு தேக்குத் தூணில் தொட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். அதில் இருப்பதை ஊரில் பிரம்ம கமலம் என்கிறார்கள். பெயரே தப்பு. இமயமலையின் பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பம். இது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் கள்ளி. ஆனால் பாலைக் கள்ளி இல்லை. மழைக்காட்டில், மரக்கிளை இடுக்கில் சேரும் சருகில் வேர்விட்டு வாழ்வது. இலை மாதிரி தெரிவதெல்லாம் தட்டைத் தண்டு. மொட்டு அதன் விளிம்பிலிருந்துதான் வரும்.

முதலில் களிமண்ணில் வைத்தேன், வேர் அழுகிவிட்டது. அப்புறம் தேங்காய் நார், கரித்துண்டு, உடைந்த ஓடு. முற்றத்து வெளிச்சம் போதும். சித்திரை வெயில் நேராகப் பட்டால் மஞ்சளாகிவிடும்.

"மரத்துல ஒட்டிக்கிட்டு வாழுதுன்னா இதுவும் புல்லுருவிதானே?" என்றார் அப்பத்தா.

"இல்ல அப்பத்தா. புல்லுருவி மரத்துக்குள்ள வேரை இறக்கி உறிஞ்சும். இது தொற்றுச்செடி. சும்மா உக்காந்திருக்கும். மழையும் சருகும் போதும். மரத்துக்கிட்ட எதையும் எடுக்காது."

சொல்லும்போது என் கை தூணில் இருந்தது. பர்மா தேக்கு.

எங்கள் வீட்டில் பர்மா என்றால் இழப்பின் கதை. வங்கி போகாத கிராமங்களுக்குக் கடன் கொடுத்தோம், டெல்டா வயலானது, 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அஸ்ஸாமுக்கு நடந்தோம், 1948இல் நிலம் தேசியமயமானது. பொய் இல்லை. ஆனால் நடுவில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. 1930களில் நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் ஏறக்குறைய 25 சதவீதம். வட்டிக்கு விட்டவர்களுக்குத் தேவை பணம், நிலம் இல்லை. சட்டமும் வெள்ளைக்காரனுடையது. இருந்தாலும் அந்த விவசாயி தன் வயலிலேயே குத்தகைக்காரன் ஆனான்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு உறிஞ்சவில்லை என்றே வைத்துக்கொள்வோம். காட்டில் தொற்றுச்செடிகள் கூட்டமாக வளர்ந்து, மழையில் நனைந்து கனத்தால், சில சமயம் கிளையே முறிந்துவிடும். ஒரு சொட்டுக்கூட எடுக்காமல் முறிக்க முடியும். அப்போது 'எடுக்கவில்லை' என்பது உண்மைதான், ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில்?

என் கதை இன்னும் வசதியானது. நான் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை, யார் நிலத்தையும் எழுதி வாங்கவில்லை. தூணில் ஒரு தொட்டி மாட்டியதோடு சரி. இது அப்படியே செடியின் வாதம்!

ஆடியில் ஒரு ராத்திரி பூத்தது. பத்து மணிக்கு மேல் முழுசாக விரிந்து, வளவு முழுக்க வாசம். விடியுமுன் வாடிவிடும் என்பதால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். திடீரென்று அப்பத்தா கேட்டார்:

"ஒங்க ஐயாவோட பர்மாக் கணக்கு நோட்டு உள் அறைப் பெட்டகத்துல கெடக்கு ராசா. யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு பேர் எல்லாம் இருக்கும். அந்த எழுத்து ஒனக்குப் படிக்க வருமா?"

சாவி எங்கே என்று கேட்டேன்.